இருட்டில் அரும்பு கட்டும் கள்ளி

நவம்பர் பிறந்ததும் டொராண்டோவிலோ லண்டனிலோ ஏதாவதொரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் வாசலருகிலேயே அந்தச் சிறு தொட்டிகளைப் பார்க்கலாம். முள் இல்லை, இலையும் இல்லை. தட்டையான பச்சைத் துண்டுகள், ஒன்றின் நுனியிலிருந்து அடுத்தது முளைத்து, கிளைத்து, தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தொங்கும். ஒவ்வொரு நுனியிலும் சிவப்போ வெள்ளையோ இளஞ்சிவப்போ கூராக ஒரு மொட்டு. அட்டையில் ‘கிறிஸ்துமஸ் கள்ளி’ என்று எழுதியிருக்கும். விலையும் அதிகமில்லை. வருடத்தில் பாதி நாள் சன்னல் கண்ணாடி பனியில் உறையும் ஊரில் வாழ்கிற தமிழர் வீடுகளிலும் இது ஒன்றாவது இருக்கிறது.

வாங்கிய வருடம் தொட்டி நிறையப் பூக்கும். மறு வருடம் டிசம்பரில் வெறும் பச்சை. அதற்கடுத்த வருடமும் அதே கதை. உரம் போட்டுப் பார்ப்பார்கள், பெரிய தொட்டிக்கு மாற்றிப் பார்ப்பார்கள், வெயில் படும் சன்னலுக்கு நகர்த்துவார்கள். செடி கொழுகொழுவென்று வளரும். பூ மட்டும் வராது. கடைக்காரர்கள் ஏதோ மருந்தடித்துப் பூக்க வைத்து விற்கிறார்கள் என்ற முடிவுக்கு அநேகர் வந்துவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் உத்தரத்தில் இருக்கிறது: இரவு பதினொரு மணிவரை எரியும் வரவேற்பறை விளக்கு.

இந்தச் செடிக்குக் கிறிஸ்துமஸோடு உறவு ஏதுமில்லை. அதன் சொந்த ஊர் பிரேசிலின் தென்கிழக்குக் கடற்கரையை ஒட்டிய மலைக்காடுகள். ரியோ டி ஜெனிரோ நகரிலிருந்து வடக்கே பார்த்தால் வானத்தைக் குத்தும் பாறைச் சிகரங்கள் தெரியும். தேவாலயத்து ஆர்கன் வாத்தியத்தின் குழல்கள் நினைவுக்கு வந்ததால் போர்த்துக்கீசியர் அவற்றுக்கு ஓர்காவோஸ் மலைத்தொடர் என்று பெயர் வைத்தார்கள். கடல் காற்று மோதி எந்நேரமும் மூடுபனி படியும் அந்தச் சரிவுகளில், மரக்கிளைகள் பிரியும் கவட்டிலும் பாறை இடுக்கிலும் கொஞ்சம் இலைமக்கு சேர்ந்தால் போதும், இந்தக் கள்ளி வேர் பிடித்துவிடும். மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி அல்ல. மரத்தை இடமாக மட்டும் பயன்படுத்தும் தொற்றுத்தாவரம். கள்ளி என்றதும் பாலைவனம் என்று நினைத்துச் சுடுவெயிலில் வைத்துத் தண்ணீரை நிறுத்துகிறவர்கள் இந்த இடத்திலேயே தவறிவிடுகிறார்கள். மேகமும் நிழலும் ஈரமும் அதன் வீடு. உச்சி வெயிலில் வைத்தால் பச்சைத் துண்டுகள் சிவந்துவிடும். பீட்ரூட்டுக்கு நிறம் தருகிற அதே பீட்டாலைன் வகை நிறமிதான் அது. கள்ளிக் குடும்பம் முழுவதுமே பூவின் சிவப்புக்கு இந்த நிறமியைத்தான் நம்பியிருக்கிறது.

பிரேசிலில் இது மே மாதத்தில் பூக்கிறது. அங்குள்ளவர்கள் அதை மே மாதப் பூ என்றுதான் சொல்கிறார்கள். மே மாதம் அங்கே இலையுதிர் காலம். பகல் குறைந்து, இரவு நீண்டு, மலையில் குளிர் இறங்கும் நேரம். பூமத்திய ரேகைக்கு வடக்கே அதே நிலைமை அக்டோபர், நவம்பரில் வருகிறது. செடியைக் கப்பலேற்றி வடக்கே கொண்டுபோனதும் அது மே மாதத்தைக் கைவிட்டு ஆண்டின் கடைசிக்கு மாறிக்கொண்டது. அதாவது அது பார்ப்பது வானத்தை, மாதத்தை அல்ல.

கப்பலேறிய கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. நண்டின் கொடுக்குபோல் கூரான பற்கள் கொண்ட ட்ரங்காட்டா என்ற இனம் 1818 அளவிலேயே ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளில் வளர்ந்துகொண்டிருந்தது. இன்னும் உயரத்தில், 1400 மீட்டருக்கு மேலே, குளிர் அதிகமான இடத்தில் வளரும் ரஸ்ஸெலியானா என்ற இனத்தை 1837இல் ஓர்காவோஸ் மலையில் கண்டெடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் கார்ட்னர். இதே கார்ட்னர்தான் பிறகு இலங்கைக்கு வந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்து, 1849இல் நுவரெலியாவில் இறந்துபோனார். அவர் அனுப்பிய இனம் 1839இல் இங்கிலாந்தை அடைந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், தெற்கு லண்டனின் டூட்டிங் பகுதியில் இருந்த ராலிசன் நாற்றுப்பண்ணையில் பக்லி என்பவர் இரண்டு இனங்களையும் அயல்மகரந்தச் சேர்க்கை செய்து கலப்பினம் உண்டாக்கினார். பழைய வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து பேத்தி காலம்வரை கைமாறி வரும் அசல் கிறிஸ்துமஸ் கள்ளி அந்தக் கலப்பினம்தான். டூட்டிங் என்றால் இன்றைய தமிழருக்குத் தோசைக்கடையும் நகைக்கடையும் அம்மன் கோயிலும்தான் ஞாபகம் வரும். கிறிஸ்துமஸ் கள்ளியின் பிறந்தகமும் அதுதான்.

செடி எப்படி இரவை அளக்கிறது?

இந்தக் கேள்விக்கு முதல் விடை கிடைத்தது கள்ளியிடம் அல்ல, புகையிலையிடம். அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த கார்னர், அல்லார்டு என்ற இருவரிடம் மேரிலாண்ட் மம்மத் என்ற புகையிலை ரகம் இருந்தது. கோடை முழுக்க ஆளுயரத்துக்கு இருமடங்கு வளரும், இலையாகத் தள்ளும், பூக்கவே பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். வெப்பமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் 1918 ஜூலையில், நல்ல கோடையில், தொட்டிகளை மாலை 4 மணிக்கு இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். செடிக்குக் கிடைத்த பகல் ஏழு மணி நேரம்தான். புகையிலை பூத்தது. 1920இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையோடுதான் ஒளிக்காலத்துவம் என்ற துறை பிறந்தது. பகல் குறைந்தால் பூப்பவை குறும்பகல் தாவரங்கள், நீண்டால் பூப்பவை நெடும்பகல் தாவரங்கள், எதையும் கண்டுகொள்ளாதவை நடுநிலைத் தாவரங்கள் என்று பாடப்புத்தகம் பிரித்துச் சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் ‘குறும்பகல்’ என்ற பெயர் பாதி உண்மைதான். 1938இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் மருளூமத்தைச் செடியை வைத்துச் சோதித்தார்கள். பகலின் நடுவே செடியைக் கொஞ்ச நேரம் இருட்டில் வைத்தால் ஒன்றும் ஆகவில்லை. நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கைக் காட்டினாலோ பூப்பது நின்றுவிட்டது. ஆக, செடி எண்ணுவது பகலை அல்ல, முறியாத இருட்டை. இரவு 14 மணி நேரமே ஆனாலும் நடுவில் வெளிச்சம் புகுந்துவிட்டால், செடியின் கணக்கில் அது இரண்டு குட்டி இரவுகள்.

கிறிஸ்துமஸ் கள்ளியும் இதே கட்சி. வணிகமாக வளர்க்கிறவர்கள் இதை இரண்டு விதமாகவும் பயன்படுத்துகிறார்கள். செடி வளர வேண்டிய காலத்தில் நடுராத்திரி இரண்டு மூன்று மணி நேரம் விளக்குப் போட்டுப் பூக்கவிடாமல் பிடித்து வைப்பார்கள். பூக்க வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கறுப்புத் துணியால் மூடி இரவை நீட்டுவார்கள். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் சில சாமந்தித் தோட்டங்களில் இரவில் பல்பு வரிசை எரிவதைப் பார்த்து, எதற்கு இந்த மின்சாரச் செலவு என்று யோசித்திருப்பீர்கள். அதுவும் இதே வித்தைதான். சாமந்தியும் குறும்பகல் தாவரம். காம்பு நீளும்வரை பூக்கவிடாமல் வைப்பதற்கு அந்த விளக்கு.

வெளிச்சத்தை உணர்வது பைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம். இதற்கு இரண்டு உருவங்கள். 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பொளி பட்டால் ஓர் உருவத்திலிருந்து மற்றதற்கு மாறும். 730 அளவிலான தூரச் சிவப்பொளி பட்டால் திரும்பிவரும். இருட்டிலும் மெல்ல மெல்லத் திரும்பும். இந்தத் திரும்பும் வேகம்தான் இரவை அளக்கும் மணற்கடிகாரம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இப்போது அது அவ்வளவு எளிதல்ல என்று தெரிகிறது. செடிக்குள்ளேயே ஏறத்தாழ 24 மணி நேர ஒழுங்கில் ஓடும் கடிகாரம் இருக்கிறது. அந்தக் கடிகாரம் காட்டும் எந்த நேரத்தில் வெளிச்சம் வந்து சேர்கிறது என்பதை நிறமி தெரிவிக்கிறது. குறிப்பிட்ட வேளையில் இருட்டு தொடர்ந்தால்தான் பூவுக்கான சமிக்ஞை உருவாகும். அந்தச் சமிக்ஞைக்கு 1930களிலேயே சைலாக்யான் என்ற சோவியத் விஞ்ஞானி ஃபுளோரிஜென் என்று பெயர் வைத்துவிட்டார்; ஆளைக் கண்டுபிடிக்க எழுபது ஆண்டுகள் ஆயின. இலையில் உண்டாகிச் சாற்றுக் குழாய் வழியே நுனிக்குப் பயணம் செய்யும் சிறு புரதம் அது என்று 2007இல் இரு குழுக்கள் காட்டின. அதில் ஜப்பானியக் குழு ஆராய்ந்தது நெற்பயிரை.

கள்ளிக்கு இலை கிடையாதே என்றால், அந்தத் தட்டைத் துண்டுகள்தான் இலையின் வேலையைச் செய்கின்றன. தாவரவியலில் அவற்றை இலைத்தொழில் தண்டு என்பார்கள். உணவு தயாரிப்பது, நீர் சேமிப்பது, இரவை எண்ணுவது எல்லாம் அவைதான். போதாததற்கு, மற்றச் செடிகள் பகலில் திறக்கும் துளைகளை இது இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்கிறது. இந்தச் செடிக்கு இரவு ஓய்வு நேரம் அல்ல.

இனி வீட்டுக்குள் வருவோம். டொராண்டோவில் செப்டம்பர் 22 வாக்கில் பகலும் இரவும் சமமாகின்றன. நவம்பர் முதல் தேதியில் பகல் பத்தரை மணி நேரத்துக்கும் குறைவு. வெளியே இயற்கை இரவை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே நாம் விளக்கைப் போட்டு ஜூன் மாதத்தை நீட்டிக்கொண்டிருக்கிறோம். மேசை விளக்கும் உத்தர விளக்கும் எரியும் அறையில் செடி இருக்கும் இடத்தில் 100 லக்ஸ் வெளிச்சம் சாதாரணமாகக் கிடைக்கும். பூப்பதைத் தடுக்க அது தாராளம். முழுநிலா அரை லக்ஸைக்கூடத் தொடாது. அதனால் நிலவு வெளிச்சத்துக்குப் பயப்பட வேண்டாம். சன்னலுக்கு நேரே நின்று முகத்தில் அடிக்கிற தெருவிளக்கைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்; தடித்த திரை போட்டுவிட்டால் அதுவும் தீர்ந்தது.

இருட்டு மட்டும் போதுமா? இங்கேதான் பலர் சொல்லாமல் விடுகிற பாதி இருக்கிறது. அது வெப்பம். இந்தக் கள்ளியில் இருட்டும் குளிரும் ஒன்றுக்கொன்று ஈடு கொடுக்கும். இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் நீண்ட இரவு கட்டாயம்: நாளுக்கு 13, 14 மணி நேர முறியாத இருட்டு, தொடர்ந்து ஆறு வாரம். இரவு வெப்பம் 10 முதல் 13 டிகிரிக்கு இறங்கிவிட்டால் விளக்கு எரிந்தாலும் அரும்பு கட்டும். 24 டிகிரிக்கு மேலே போய்விட்டால் எவ்வளவு இருட்டில் வைத்தாலும் பெரும்பாலும் பலனில்லை. பழைய காலத்து ஐரோப்பிய வீடுகளில் எந்த வித்தையும் தெரியாத பாட்டிகள் வருடம் தவறாமல் இதைப் பூக்க வைத்ததற்குக் காரணம் இதுதான். ஒரே ஓர் அறையில் கணப்பு, மற்ற அறைகள் குளிர், இரவில் எண்ணெய் விளக்கு ஒன்றே ஒன்று. மத்திய வெப்பமூட்டியும் மின்விளக்கும் வந்தபிறகுதான் இது ‘பூக்க வைக்கத் தெரிந்திருக்க வேண்டிய’ செடியாக மாறியது.

ஆகவே, மாலை ஐந்து மணிக்குத் தொட்டியை அலமாரிக்குள் தூக்கி வைத்துக் காலை எட்டு மணிக்கு வெளியே எடுக்கச் சொல்லும் யோசனையை நான் பரிந்துரைப்பதில்லை. அறிவியல்படி அது சரி. ஆனால் ஆறு வாரம் தினமும் இரண்டு முறை யாரால் முடியும்? நான்கு நாள் மறந்தால் கணக்கு குழம்பிவிடும். அதைவிட, வீட்டில் மாலைக்குப் பிறகு யாரும் விளக்குப் போடாத ஓர் அறையைத் தேடுங்கள். விருந்தாளிக்கென்று பூட்டி வைத்த படுக்கையறை, வெப்பமூட்டியைக் குறைத்து வைத்த பக்க அறை, கண்ணாடி போட்ட பின்திண்ணை எதுவானாலும் சரி. பகலில் சன்னல் வெளிச்சம் வேண்டும், அதை மறக்கக்கூடாது. பகல் முழுக்க இருட்டில் கிடக்கும் செடிக்கு அரும்பு கட்டச் சக்தி இராது. செப்டம்பர் கடைசியில் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், மிச்சத்தைச் சூரியனே பார்த்துக்கொள்ளும்.

இன்னும் சுலபமான வழியும் உண்டு. ஜூன் மாதத்திலேயே தொட்டியை வெளியே, மரநிழலில் அல்லது வீட்டின் வடக்குப் பக்கத்தில், வைத்துவிடுவது. செப்டம்பரில் இரவு நீண்டு குளிர் இறங்கும்போது செடி அங்கேயே இருக்கட்டும். இரவு வெப்பம் 10 டிகிரியை நெருங்கும்வரை கவலை இல்லை. அதற்குக் கீழே போகத் தொடங்கினால் உள்ளே எடுத்துவிட வேண்டும். உறைபனி ஒரே இரவில் துண்டுகளைக் கூழாக்கிவிடும்.

தண்ணீரைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது: காயப்போட்டால்தான் பூக்கும் என்று. அக்டோபரில் சற்றே குறைத்து ஊற்றுவது நல்லதுதான், ஏனென்றால் குளிர்ந்த அறையில் தொட்டி மெதுவாகக் காயும், வேர் அழுகும். ஆனால் துண்டுகள் சுருங்கும்வரை வாடவிட்டால் அரும்பு கூடாது, குறையும். மேல்மண்ணை விரலால் தொட்டு, ஒரு விரற்கட்டை ஆழம் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். உரம் வசந்தத்திலும் கோடையிலும் போதும்; ஆகஸ்ட் கடைசியில் நிறுத்திவிடலாம். பூக்க வைக்கும் உரம் என்று பாஸ்பரஸ் தூக்கலான பொட்டலங்களைக் கடைகளில் விற்கிறார்கள். விளக்கு எரியும் சூடான அறையில் இருக்கிற செடிக்கு அதைப் போடுவது காசைத் தொட்டியில் புதைப்பதுதான்.

தொழில்முறை வளர்ப்பாளர்கள் செய்கிற ஒரு காரியம் வீட்டிலும் பலன் தரும். செடியின் நுனியில் உள்ள கடைசித் துண்டு முற்றியிருந்தால்தான் அதில் அரும்பு வரும்; ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத இளந்துண்டு வளர்ச்சியில் இருப்பதால் அரும்பு கட்டாது. எனவே இருட்டுக்காலம் தொடங்கும்போது, நுனியில் வெளிர்பச்சையாக, மெல்லியதாக நிற்கும் குட்டித் துண்டுகளைக் கிள்ளிவிடுவார்கள். இரண்டு விரலால் பிடித்து லேசாகத் திருகினால் கணுவில் சுத்தமாகக் கழன்று வரும். கத்தி வேண்டாம். அதன் கீழே உள்ள முற்றிய துண்டு அரும்பு கட்டும் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். கடையில் விற்கும் செடியில் எல்லா நுனியிலும் ஒரே சமயத்தில் மொட்டு இருக்கிற இரகசியத்தின் பெரும்பகுதி இதில் அடங்கியிருக்கிறது.

நான்கு, ஐந்து வாரத்தில் நுனிகளை உற்றுப் பாருங்கள். துண்டின் முனையில் இரண்டு பற்களுக்கு நடுவே நுண்ணிய பழுப்பு மயிர்கள் கொண்ட ஒரு புள்ளி இருக்கும். அங்கேதான் எல்லாம் நடக்கும். அதிலிருந்து வருவது தட்டையாக, வெளிர்பச்சையாக இருந்தால் புதுத் துண்டு. உருண்டையாக, குண்டூசித் தலை அளவில், சிவப்போ இளஞ்சிவப்போ தோய்ந்து பளபளத்தால் அது பூவரும்பு. வெள்ளைப் பூ ரகத்தில் மட்டும் அது பச்சையாகவே தெரியும். உருண்டையா தட்டையா என்பதை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். அரும்பு கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் இருட்டின் வேலை முடிந்தது. அதன்பிறகு வரவேற்பறைக்குக் கொண்டுவந்து விளக்கடியில் வைத்தாலும் அது திரும்பிப் போகாது. இருட்டுக்காலம் தொடங்கியதிலிருந்து பூ விரிய எட்டு முதல் பத்து வாரம் ஆகும். செப்டம்பர் கடைசியில் தொடங்கினால் டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டி விரியும். கிறிஸ்துமஸ் அன்றே வேண்டுமென்றால் அக்டோபர் நடுவில் தொடங்கலாம்.

திரும்பிப் போகாது, ஆனால் உதிர்ந்து போகும். நன்றாகக் கட்டிய மொட்டு விரல் நுனி அளவுக்கு வந்தபிறகு கொத்தாகக் கீழே கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும். இடம் மாற்றினால் உதிரும் என்று சொல்வார்கள். இடம் குற்றவாளி அல்ல. இடத்தோடு மாறும் சூடும் வறட்சியும்தான். 15 டிகிரி அறையிலிருந்து வெப்பமூட்டியின் காற்று நேரே வீசும் மேடைக்குக் கொண்டுபோனால் உதிரத்தான் செய்யும். தொட்டி முற்றிலும் காய்ந்தாலும், மாறாகச் சேறாகக் கிடந்தாலும் உதிரும். பலர் சந்தேகிக்காத இன்னொரு ஆள் பழக்கூடை. பழுக்கிற வாழையும் ஆப்பிளும் எத்திலீன் வாயுவை விடுகின்றன. நம்மூரில் வாழைத்தாரை அறைக்குள் அடைத்துப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பது இந்த வாயுவின் தயவில்தான். காயைப் பழமாக்கும் அதே எத்திலீன் பூக்காம்பின் அடியில் பிரிவுப் படலத்தை உண்டாக்கி மொட்டைக் கழற்றிவிடும். இந்தக் கள்ளி அதற்கு மிகவும் கூச்சப்படும் இனம். அட்டைப் பெட்டிக்குள் லாரியில் பயணம் செய்யும் செடிகள் உதிர்ப்பதும் இதனால்தான். அதைத் தடுக்க வளர்ப்பாளர்கள் வெள்ளி கலந்த ஒரு சேர்மத்தைத் தெளிப்பதுண்டு. வீட்டில் பழத்தட்டைச் சமையலறையிலேயே வைத்திருந்தால் போதும்.

மொட்டு வளரும் காலத்துக் குளிர் பூவின் நிறத்தையும் மாற்றும். மஞ்சள் அல்லது வெள்ளை என்று வாங்கிய செடி இரண்டாம் வருடம் இளஞ்சிவப்பு பாய்ந்து பூத்தால் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். அந்த ரகங்களில் அரும்பு பெருக்கும் நாட்களில் வெப்பம் 14, 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சிவப்பு நிறமி தலைகாட்டும். அரும்பு கட்டும்வரை குளிர், அரும்பு தெரிந்தபின் 18 டிகிரியை ஒட்டிய மிதவெப்பம் என்று பிரித்துக் கொடுத்தால் நிறம் சுத்தமாக வரும்.

வாங்கும்போதே எது எது என்று பார்த்துக்கொள்வது நல்லது. துண்டின் விளிம்பில் கூரான பற்கள், பக்கவாட்டில் நீட்டி நிற்கும் பூ, மஞ்சள் மகரந்தம் என்றால் ட்ரங்காட்டா வகை. அமெரிக்காவில் நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் நாளையொட்டிப் பூப்பதால் அந்தப் பெயராலும் அழைப்பார்கள். இன்று கிறிஸ்துமஸ் கள்ளி என்ற அட்டையோடு விற்பதில் பெரும்பாலானவை இதுதான். விளிம்பு வளைவு வளைவாக மழுங்கி, பூ நேராகக் கீழே தொங்கி, மகரந்தம் இளஞ்சிவப்பாக இருந்தால் அது டூட்டிங்கில் பிறந்த பழைய கலப்பினம். இது சில வாரம் தாமதமாகப் பூக்கும். துண்டின் நுனியில் மெல்லிய மயிர்க் கொத்தும் நட்சத்திரம்போல் விரியும் பூவும் இருந்தால் அது ஈஸ்டர் கள்ளி, வேறு இனம். அதற்குக் குளிர்காலம் முழுக்கக் குளிரும் நீண்ட இரவும் வேண்டும், பூப்பது வசந்தத்தில். அதை டிசம்பரில் பூக்க வைக்க முயல்வது வீண்.

தமிழ்நாட்டில் இது சாத்தியமா என்று கேட்கலாம். சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். மிக நீண்டது 13 மணி நேரத்தைத் தொடாது. ரியோவில் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 10 மணி 45 நிமிடம். வித்தியாசம் பெரிதல்ல. நம் பகல்கள் வருடம் முழுக்க ஒரே நீளம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தாலும் பயிர்கள் அப்படி நினைப்பதில்லை. சம்பாப் பட்டத்து மரபு நெல் ரகங்கள் பலவும் குறும்பகல் பயிர்கள்தான்: சில வாரம் முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும் பகல் குறுகும் பருவத்தில் ஏறக்குறைய ஒன்றாகக் கதிர் தள்ளும், பட்டம் தப்பிக் கோடையில் விதைத்தால் தாளாக வளர்ந்துகொண்டே போகும். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகங்கள் வந்தபிறகுதான் எந்தப் பட்டத்திலும் நெல் என்பது எளிதாயிற்று. ஒன்றரை மணி நேர வித்தியாசத்தை நெல்லால் உணர முடிகிறது. ஆகவே கிறிஸ்துமஸ் கள்ளிக்கு நம் சமவெளியில் பெரிய தடை இருட்டின் நீளம் அல்ல, இரவின் சூடு. சென்னையில் அக்டோபர் இரவுகள் 24 டிகிரிக்குக் கீழே எளிதில் இறங்குவதில்லை. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற இடங்களில் அந்தத் தடை கிடையாது. பகல் நீளம் சமவெளியைப் போலவே இருந்தாலும் குளிர் ஈடுகட்டிவிடும். சமவெளியில் இருப்பவர்கள் இதற்குப் பணம் செலவழிக்காமல் இருப்பதே மேல். டிசம்பரில் பூ வேண்டுமென்றால் சாமந்தி இருக்கிறது.

பூ முடிந்ததும் செடி ஒரு மாதம் அலுத்துப்போய் நிற்கும். தண்ணீரைக் குறைத்து அதை விட்டுவிடலாம். தொட்டி மாற்ற அவசரம் வேண்டாம். மரக்கவட்டில் ஒரு கைப்பிடி மக்கில் வாழப் பழகிய வேர்களுக்கு இறுக்கமான தொட்டி பிடிக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, வசந்தத்தில், இலைமக்கும் தேங்காய் நார்க்கழிவும் பெருமணலும் கலந்து ஓர் அளவு பெரிய தொட்டிக்கு மாற்றினால் போதும்.

அதே வேளையில் நீண்ட கிளைகளிலிருந்து மூன்று துண்டு சேர்ந்த நுனிகளைத் திருகி எடுத்து, வெட்டுவாய் காய ஓரிரு நாள் நிழலில் வைத்து, ஈரமான கலவையில் ஒரு துண்டின் பாதி புதையும்படி நட்டால் சில வாரத்தில் வேர் பிடிக்கும். பிரேசிலில் இதன் பூக்களுக்கு ஹம்மிங் பறவைகள் மகரந்தம் சுமக்கின்றன. வீட்டுக்குள் அந்த வேலையை ஒரு சின்னத் தூரிகையால் நாம் செய்யலாம். ஆனால் பெரும்பாலான ரகங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை, ஒரே தாயிலிருந்து ஒடித்து நட்ட செடிகளுக்குள்ளும் காய் பிடிக்காது. எனவே உங்களிடம் சிவப்பு இருந்தால், வெள்ளை வைத்திருக்கும் நண்பரிடம் வசந்தத்தில் மூன்று துண்டு கேட்டு வாங்குங்கள், பதிலுக்கு மூன்று கொடுங்கள். இரண்டும் பூத்தால் காயும் பிடிக்கும், விதையும் கிடைக்கும், யாரிடமும் இல்லாத நிறம் ஒன்று உங்கள் சன்னலில் பூக்கவும் கூடும்.